ஒரு நாளைக்கு எத்தனை வாத்து? வட அமெரிக்க வேட்டை விதிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஊசிவால் வாத்தை நம் ஏரிகளிலும் பார்க்கலாம். நீண்ட கழுத்தும் கூர்ந்த வாலுமாகக் குளிர்காலத்தில் வந்து தங்கிவிட்டுப் போகும். அதே இனம் வட அமெரிக்காவிலும் உண்டு. அங்கே அது வேட்டைப் பறவை. அமெரிக்காவில் சில பருவங்களாக ஒரு வேட்டைக்காரர் ஒரு நாளில் ஒரே ஓர் ஊசிவாலைத்தான் சுடலாம் என்று விதி இருந்தது. 2025-26 பருவத்தில் அதை மூன்றாக உயர்த்தினார்கள்.

இனம் பெருகிவிட்டதால் உயர்த்தினார்கள் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அப்படி நடக்கவில்லை. ஊசிவாலுக்கு வைத்திருக்கும் இலக்கு 40 லட்சம். அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்பில் கிடைப்பது 20 லட்சத்தை ஒட்டிய எண். இலக்கில் பாதியில் நிற்கிற பறவையைக் கூடுதலாகச் சுடலாம் என்று, அதைக் காப்பாற்றும் பொறுப்பிலுள்ள அரசே எப்படி அனுமதி தருகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நூறாண்டுக் கதைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. வேட்டைப் பருவம், நாள் வரம்பு (ஒருவர் ஒரு நாளில் சுடக்கூடிய எண்ணிக்கை) என்ற இரண்டு கருவிகளை வைத்து ஒரு கண்டத்தின் வாத்துகளை நிர்வகிக்க முயன்ற கதை அது. உலகில் வேட்டை விதிகள் பல இடங்களில் உண்டு. இவ்வளவு நீளமான பதிவேடும், விதி வேலை செய்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்ட பழக்கமும் இருப்பதால் இதை ஆய்வுக்கு எடுத்தேன்.

விதி இல்லாத காலம், விதி செல்லாத காலம்

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவில் வாத்து ஒரு சந்தைச் சரக்கு. செசபீக் விரிகுடாவில் படகில் பொருத்திய பெருந்துப்பாக்கியால், ராத்திரியில் நீரில் கூட்டமாக உறங்கும் பறவைகளை ஒரே வெடியில் டஜன் கணக்கில் வீழ்த்தினார்கள். பீப்பாய்களில் அடைத்து ரயிலில் நகரத்து உணவகங்களுக்கு அனுப்பினார்கள். தந்தியும் ரயிலும் வந்தபின் பறவை எங்கே கூடுகிறது என்ற செய்தி ஒரே நாளில் ஊர் ஊராகப் பரவியது. கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறா இப்படித்தான் அழிந்தது. அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் செத்தது.

மாநிலங்களிடம் சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வலசைப் பறவைக்கு மாநிலச் சட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும்? ஒரு மாநிலம் வசந்தகால வேட்டையைத் தடுக்க நினைத்தாலும், 'நாம் விட்டுவைத்ததை அடுத்த மாநிலத்தான் சுடப் போகிறான்' என்று தயங்கும். இல்லினாய்ஸ் காத்த வாத்தை மிசௌரி சுடும். எவன் முதலில் கட்டுப்பட்டாலும் அவனுக்குத்தான் நட்டம்.

1900இல் வந்த லேசி சட்டம் முதல் முடிச்சைப் போட்டது. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்றதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பது மத்திய அரசுக் குற்றமானது. இது வணிகத்தைத்தான் தொட்டது, வேட்டையைத் தொடவில்லை. 1913இல் வந்த வீக்ஸ்-மெக்லீன் சட்டம் வலசைப் பறவைகளின் வேட்டைப் பருவத்தை மத்திய அரசே வகுக்கலாம் என்றது. ஆர்கன்சாவிலும் கான்சாசிலும் இருந்த மத்திய மாவட்ட நீதிமன்றங்கள் அது செல்லாது என்றன. பறவை மாநிலத்தின் சொத்து, அரசியலமைப்பில் மத்திய அரசுக்கு இந்த அதிகாரம் எங்கும் தரப்படவில்லை என்பது அவற்றின் வாதம்.

அப்புறம் எடுத்த வழிதான் கெட்டிக்காரத்தனமானது. உள்நாட்டுச் சட்டமாக நிற்காததை வெளிநாட்டு ஒப்பந்தமாக நிறுத்தினார்கள். 1916 ஆகஸ்டில் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டை கூடாது. மீதிக் காலத்திலும் எந்த இடத்திலும் பருவம் மூன்றரை மாதத்தைத் தாண்டக் கூடாது. இதை அமல்படுத்த 1918இல் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் வந்தது. மிசௌரி மாநிலம் விடவில்லை, வழக்குப் போட்டது. அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலையே மத்திய வேட்டைக் காவலர் ரே ஹாலந்து வாத்து வேட்டைக்காகக் கைது செய்திருந்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் வழக்கின் சூடு புரியும். 1920இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசு பக்கம் தீர்ப்பளித்தது. நேற்று இங்கே இல்லாத பறவை, நாளை வேறு மாநிலத்தில் இருக்கும், ஒரு வாரத்தில் ஆயிரம் மைல் தாண்டியிருக்கும், அதை எப்படி ஒரு மாநிலம் தன் உடைமை என்று சொல்லும் என்று நீதிபதி ஹோம்ஸ் கேட்டார். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு இது. வாத்து வழக்கு என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

25, 15, 10

முதல் வரம்பு தாராளமானது: ஒரு நாளைக்கு 25 வாத்து. இன்றைய கண்ணுக்கு அது வரம்பாகவே தெரியாது. ஆனால் அதோடு சந்தை விற்பனைக்கு முழுத் தடை வந்தது. என் கணிப்பில், 25 என்ற எண்ணைவிட விற்கக் கூடாது என்ற விதிதான் அதிகப் பறவைகளைக் காப்பாற்றியிருக்கும். தின்பதற்குச் சுடுகிறவனுக்கு வயிறு ஓர் எல்லை. விற்பதற்குச் சுடுகிறவனுக்கு அந்த எல்லை இல்லை.

1930இல் 25, 15 ஆனது. அதற்குள் வறட்சி தொடங்கிவிட்டது. வட அமெரிக்க வாத்துகளில் பெரும்பங்கு பிறப்பது ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில். கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிட்டோபா மாகாணங்களும் அமெரிக்காவின் இரு டகோட்டாக்களும் சேர்ந்த புல்வெளி அது. பனியாறுகள் விட்டுப்போன லட்சக்கணக்கான சிறு குட்டைகள் அங்கே கிடக்கின்றன. குட்டை நிறைந்தால் வாத்து பெருகும், வற்றினால் குறையும். 1930களின் புழுதிப் புயல் ஆண்டுகளில் அவை வற்றின. வற்றிய குட்டையை உழவர்கள் உழுதுவிட்டார்கள். 1931இல் அவசரமாகப் பருவத்தை ஒரு மாதமாகச் சுருக்கினார்கள். 1935இல் 30 நாள் பருவம், நாளைக்கு 10 வாத்து.

அந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் எண்ணைவிட வேட்டை முறை மீதான தடைகளே முக்கியம். பழக்கிய வாத்துகளை நீரில் கட்டிவைத்துக் காட்டு வாத்துகளை இறங்கவைக்கும் பார்வைப் பறவை முறை தடைசெய்யப்பட்டது. தானியம் தூவி இரைகாட்டிச் சுடுவது தடைசெய்யப்பட்டது. தொடர்ந்து சுடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி அடைப்பு வைக்க வேண்டும் என்றார்கள். இவை இன்றுவரை நிற்கின்றன. காரணம் எளிது. தூரத்திலிருந்து ஒரு வேட்டைக் காவலர் பைக்குள் எத்தனை வாத்து என்று பார்க்க முடியாது. கட்டிவைத்த பறவையையும் இறைந்து கிடக்கும் சோளத்தையும் பார்த்துவிடலாம். துப்பாக்கியின் அடைப்பையும் ஒரே நொடியில் சோதித்துவிடலாம்.

இந்தக் கெடுபிடிக் காலத்தில் பொறுப்பில் இருந்தவர் ஜே 'டிங்' டார்லிங். தொழில் அரசியல் கேலிச்சித்திரம் வரைவது. ரூஸ்வெல்ட் அரசை விமர்சித்து வரைந்தவரையே ரூஸ்வெல்ட் 1934இல் உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கினார். அதே ஆண்டு வந்த வாத்து முத்திரைச் சட்டப்படி, நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிற, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒரு டாலர் முத்திரை வாங்கிக் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும். முதல் முத்திரையின் படத்தை டார்லிங்கே வரைந்தார். இன்று அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்நிலைகளையும் புல்வெளிகளையும் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. நாள் வரம்பு கையைக் கட்டுகிறது, முத்திரை குட்டை வாங்கித் தருகிறது. பின்னால் ஊசிவாலுக்கு வரும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

எண்ணாமல் வரம்பு இல்லை

எத்தனை சுடலாம் என்று சொல்ல எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். கண்டம் முழுக்கப் பறக்கிற பறவையை எப்படி எண்ணுவது?

முதலில் உதவியது கால் வளையம். ஃபிரெடெரிக் லிங்கன் 1920களிலிருந்து வளையமிடும் திட்டத்தை நடத்தினார். அவர் 1930இல் வெளியிட்ட கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். நூறு வாத்துக்கு வளையம் மாட்டினோம், அந்தப் பருவத்தில் பத்து வளையங்கள் திரும்பி வந்தன என்றால் பத்தில் ஒரு பங்கு வேட்டையில் போயிருக்கிறது. மொத்தம் பத்து லட்சம் வாத்து சுடப்பட்டிருந்தால் இருந்தது ஒரு கோடி. அதே வளையங்களின் வரைபடத்திலிருந்துதான் அட்லாண்டிக், மிசிசிப்பி, மத்திய, பசிபிக் என்ற நான்கு வலசைப் பாதைகளும் தெளிவாயின. 1940களின் இறுதியிலிருந்து விதிகளும் அந்த நான்கு பாதைகளின்படி தனித்தனியாக வகுக்கப்படுகின்றன.

இந்தக் கணக்கில் ஓட்டை ஒன்று உண்டு. சுட்டவர் வளையத்தைத் தெரிவிக்க வேண்டும். 'தெரிவித்தால் 100 டாலர்' என்று பொறித்த வளையங்களைச் சாதாரண வளையங்களோடு கலந்து மாட்டி, இரண்டும் திரும்புகிற விகிதத்தை ஒப்பிட்டார்கள். சாதாரண வளையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் தெரிவிக்கப்பட்டது என்று தெரிந்தது. 1990களில் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை வளையத்தில் பொறித்தபின் தெரிவிப்பவர்கள் இரட்டிப்புக்கு மேல் ஆனார்கள். அதுவரை சோம்பலால் தெரிவிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது.

1955 முதல் ஒவ்வொரு மே மாதமும் சிறு விமானங்கள் தரையிலிருந்து 30 முதல் 45 மீட்டர் உயரத்தில் வகுத்த கோடுகள் வழியே பறக்கின்றன. விமானியும் உடன் இருப்பவரும் ஆளுக்கொரு பக்கம் வாத்துகளையும் குட்டைகளையும் எண்ணுகிறார்கள். மேலிருந்து கண்ணுக்குத் தப்பியதைச் சரிசெய்ய, சில கோடுகளில் தரைவழியாக நடந்தும் எண்ணுகிறார்கள். உலகின் மிகப் பெரிய, மிக நீண்ட காட்டுயிர்க் கணக்கெடுப்புகளில் ஒன்று இது.

மூன்றாவது கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. தேர்ந்தெடுத்த வேட்டைக்காரர்களுக்கு அரசு உறைகளை அனுப்புகிறது. சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஓர் இறக்கையை வெட்டி உறையிலிட்டுத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். ஆண்டுக்கொரு முறை உயிரியலாளர்கள் ஓரிடத்தில் கூடி, நீண்ட மேசைகளில் இறக்கைகளைப் பரப்பி, இறகின் நிறத்தையும் தேய்மானத்தையும் பார்த்து இனம், பால், வயது பிரிக்கிறார்கள். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் எத்தனை பங்கு என்பது இதில் தெரிந்துவிடும். மே மாதக் கணக்கு எத்தனை இருந்தன என்று சொல்கிறது. இறக்கைகள் எத்தனை பிறந்தன என்று சொல்கின்றன.

புள்ளி முறை என்ற நல்ல யோசனை

எல்லா வாத்தும் ஒரே வாத்து அல்ல. வட அமெரிக்காவில் பரவலாக உள்ள மல்லார்ட் என்ற வாத்தினத்தின் பெட்டையைக் கொன்றால் அடுத்த ஆண்டின் குஞ்சுகளும் போகின்றன. கிளுவை என்ற சிறு வாத்தோ ஏராளம். அதனால் 1970களில் பல மாநிலங்கள் புள்ளி முறையைப் பின்பற்றின. ஒவ்வொரு இனத்துக்கும் பாலுக்கும் புள்ளி உண்டு. சுடச் சுடக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். 100ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைய வேட்டை முடிந்தது. மல்லார்ட் பெட்டைக்கு 90 புள்ளி, கிளுவைக்கு 10 புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. நீர்க்கரையில் என்ன நடந்தது? காலையில் முதலில் ஒரு பெட்டை விழுந்தால் 90. அடுத்து ஒரு கிளுவை விழுந்தால் 100, வீட்டுக்குப் போக வேண்டும். மொத்தம் இரண்டு பறவை. ஆனால் கிளுவைகளை முதலில் சுட்டதாகச் சொன்னால் ஒன்பது கிளுவைக்கு 90, பத்தாவதாகப் பெட்டை. மொத்தம் பத்துப் பறவை, சட்டப்படி சரி. பைக்குள் கிடக்கும் செத்த வாத்துகளைப் பார்த்து எது முதலில் விழுந்தது என்று எந்தக் காவலராலும் சொல்ல முடியாது. வரிசையை மாற்றிச் சொல்வது பரவலானது. முறை மெல்லக் கைவிடப்பட்டது.

விதி நியாயமாக இருந்தால் மட்டும் போதாது, சோதிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இன்றைய விதியில் மொத்த வரம்புக்குள் உள்வரம்புகள் இருக்கின்றன. உதாரணமாக, மிசிசிப்பி பாதையில் நாளைக்கு ஆறு வாத்து, அதில் மல்லார்ட் நான்கைத் தாண்டக் கூடாது, அந்த நான்கில் பெட்டை இரண்டைத் தாண்டக் கூடாது. இதில் வரிசைக்கு வேலையில்லை, பையைத் திறந்து எண்ணினால் போதும். கேன்வாஸ்பேக் போன்ற இனங்களின் எண்ணிக்கை சரிந்த சில பருவங்களில் உள்வரம்பைச் சுழியமாக்கியும் இருக்கிறார்கள். 2002இலும் 2008இலும் அப்படித்தான். சுடுமுன் பறவையை அடையாளம் காண வேண்டிய பொறுப்பு சுடுகிறவருடையது. அரையிருட்டில், முழு வேகத்தில் வருகிற பறவையை. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுடத் தொடங்கலாம் என்பதும் விதிதான். இந்த இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று சற்று இடிக்கின்றன என்றே நினைக்கிறேன்.

வேட்டை கொல்கிறதா, மிச்சத்தைத்தான் எடுக்கிறதா?

1976இல் டேவிட் ஆண்டர்சன், கென்னத் பர்ன்ஹாம் இருவரும் பல ஆண்டு மல்லார்ட் வளையத் தரவை அலசி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துறையே ஆடிப்போனது. வரம்பைக் கூட்டிய ஆண்டுகளிலும் குறைத்த ஆண்டுகளிலும் மல்லார்டின் உயிர்பிழைப்பு விகிதம் எதிர்பார்த்தபடி மாறவில்லை என்பது அதன் சாரம்.

கணக்குக்காக நூறு வாத்தை எடுத்துக்கொள்வோம். வேட்டையே இல்லாவிட்டாலும் நோய், பசி, குளிர், நரி என்று 30 சாகும். இப்போது 15ஐச் சுடுகிறோம். ஒரு கருத்துப்படி, சுட்ட 15 போக மீதி 85இல் பத்துக்கு மூன்று சாகும், மொத்தச் சாவு 40க்குப் போகும். இது கூட்டல். இன்னொரு கருத்துப்படி, 15 குறைந்ததால் மிச்சப் பறவைகளுக்கு இரையும் இடமும் கூடுகிறது, மொத்தச் சாவு அதே 30இல் நிற்கும். இது ஈடு. ஈடுதான் உண்மையென்றால், ஓரளவு வரை வரம்பை இறுக்குவது வீண் வேலை. கூட்டல் உண்மையென்றால் தளர்த்துவது ஆபத்து. ஆண்டர்சன், பர்ன்ஹாம் முடிவு ஈடு பக்கம் சாய்ந்தது.

சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று 1980களின் முதல் பாதியில் விதிகளை மாற்றாமல் நிலையாக வைத்தார்கள். சோதனை முடிவதற்குள் மறுபடி வறட்சி வந்தது, எண்ணிக்கை விழுந்தது. 1988இல் மிசிசிப்பி பாதையில் 30 நாள், மூன்று வாத்து என்று இறுக்கினார்கள். குறைந்தது வேட்டையாலா வறட்சியாலா என்ற சண்டை மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு கோடையிலும் விதி வகுக்கும் கூட்டங்களில் ஆளுக்கொரு கட்சி. எவரிடமும் மற்றவரை மடக்கும் சான்று இல்லை.

1995இல் வந்த தீர்வுதான் இந்த நூறாண்டில் நடந்த மிகப் பெரிய மாற்றம் என்பேன். சண்டையைத் தீர்க்காமல், அதையே கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். தகவமைப்பு வேட்டை மேலாண்மை என்று சொல்லலாம். வேட்டை கூட்டலா ஈடா என்று இரண்டு. பறவை பெருகும்போது இனப்பெருக்கம் வலுவாகக் குறையுமா லேசாகக் குறையுமா என்று இரண்டு. ஆக நான்கு மாதிரிகள். தொடக்கத்தில் நான்குக்கும் சம எடை. ஒவ்வொரு மாதிரியும் அடுத்த மே மாதம் எத்தனை மல்லார்ட் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். விமானக் கணக்கு வந்ததும் யார் கிட்ட வந்தார்களோ அந்த மாதிரியின் எடை கூடும், தவறியதன் எடை குறையும். இப்படி ஆண்டுதோறும்.

விதியை வகுப்பதும் அட்டவணைப்படிதான். ஒரு பக்கம் மல்லார்ட் எண்ணிக்கை, இன்னொரு பக்கம் கனடியப் புல்வெளியின் குட்டை எண்ணிக்கை. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் 'மூடல்', 'இறுக்கம்', 'நடுத்தரம்', 'தாராளம்' என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். மிசிசிப்பி பாதையில் இறுக்கம் என்றால் 30 நாள், மூன்று வாத்து. நடுத்தரம் 45 நாள், ஆறு. தாராளம் 60 நாள், ஆறு. பசிபிக் பாதையில் தாராளம் 107 நாள், ஏழு வாத்து. 1916 ஒப்பந்தத்தின் மூன்றரை மாதத்தை நாளாக மாற்றினால் வருவது அந்த 107தான். மாநிலங்கள் இந்தச் சட்டகத்துக்குள் தங்கள் தேதிகளைத் தேர்ந்துகொள்ளலாம். இன்னும் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது.

மிசிசிப்பி எண்களை இன்னொரு முறை பாருங்கள். நடுத்தரத்துக்கும் தாராளத்துக்கும் நாள் வரம்பில் வித்தியாசமே இல்லை, பருவத்தின் நீளம்தான் மாறுகிறது. பெரும்பாலான வேட்டைக்காரர்கள் பெரும்பாலான நாள்களில் ஆறு வாத்தைத் தொடுவதேயில்லை. தொடாத வரம்பை ஆறிலிருந்து ஐந்தாக்கினால் காப்பாற்றப்படும் வாத்துகள் சொற்பம். பதினைந்து நாளைக் குறைத்தால் எல்லோரும் குறைவாகப் போவார்கள். மக்கள் வாதாடுவது என்னவோ நாள் வரம்பைப் பற்றித்தான், ஏனென்றால் அது கையில் எண்ணக்கூடிய எண். என் பார்வையில் நாள் வரம்பு முதன்மையாக ஒரு பங்கீட்டு விதி. குறி தவறாத சிலர் எல்லாவற்றையும் அள்ளிவிடாமல் தடுக்கிறது. இனத்தைக் காப்பது அதன் இரண்டாவது வேலைதான், அதுவும் எண் மிகச் சிறியதாக இருக்கும்போது மட்டும்.

ஊசிவாலுக்கு வரலாம். அது மற்ற வாத்துகளைவிட முன்னதாக, புல் வளருமுன், அறுவடை முடிந்த தானிய வயல்களின் தட்டைகளுக்கு நடுவே முட்டையிடும். வசந்தத்தில் உழவு வரும்போது முட்டையோடு போகும். தரிசு விடுவதைக் குறைத்து ஆண்டுதோறும் பயிரிடும் பழக்கம் கனடியப் புல்வெளியில் பரவியபின் ஊசிவால் மீளவேயில்லை. குட்டைகள் நிறைந்து மற்ற இனங்கள் பெருகிய 1990களின் பிற்பகுதியிலும் அது எழவில்லை. 2002இல் 18 லட்சத்துக்கும் கீழே போனது. அதைத் தூக்கிவிட வேட்டையைத் தொடர்ந்து இறுக்கிப் பார்த்தார்கள். எண் நகரவில்லை. புதிய மாதிரிகள் சொன்னது, இப்போதைய அளவில் வேட்டை அந்த இனத்தின் போக்கைப் பெரிதாக மாற்றவில்லை, மூன்று வரை கொடுத்தாலும் தாங்கும் என்று. அதனால்தான் இடைக்கால ஏற்பாடாக மூன்று. துணிச்சலான முடிவு, ஆனால் பொறுப்பற்ற முடிவு என்று சொல்ல மாட்டேன். வரம்பைக் கூட்டினால் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் மாதிரி சரியா என்று தெரியும். விடை தப்பாக வந்தால் அட்டவணையே ஒன்றுக்குத் திருப்பும், மூடச் சொன்னாலும் சொல்லும்.

பொருந்தாத இரண்டு இடங்கள்

அலாஸ்காவின் வடமுனையில் உள்ள ஊருக்கு அப்போது பேரோ என்று பெயர், இன்று உத்கியாக்விக். 1916 ஒப்பந்தம் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை வேட்டை கூடாது என்றது. அந்த ஊரில் வாத்துகள் இருப்பதே அந்த மாதங்களில்தான். செப்டம்பரில் வேட்டை திறக்கும்போது தண்ணீர் உறையத் தொடங்கிவிடும், பறவைகள் கிளம்பிவிடும். தெற்கத்தி வேட்டைக்காரனுக்காக எழுதிய பருவம், அங்குள்ள பூர்வகுடியான இன்யுபியாட் குடும்பத்தின் வசந்தகால உணவைக் குற்றமாக்கியது. 1961 மே மாதம் அங்கே ஈடர் வாத்து சுட்டதற்காகக் கைதுகள் நடந்தன. உடனே 138 பேர் கையில் ஆளுக்கொரு ஈடர் வாத்தோடு காவலர் முன் வந்து நின்று, எங்களையும் கைது செய் என்றார்கள். அத்தனை பேரை அடைக்க அங்கே சிறை இல்லை. வழக்குகள் கைவிடப்பட்டன. ஆனால் ஒப்பந்தத்தைத் திருத்தும் உடன்பாடு 1995இல்தான் கையெழுத்தானது. முறையான வசந்தகால வாழ்வாதார வேட்டை விதிகள் 2003இல்தான் நடைமுறைக்கு வந்தன. நாற்பது ஆண்டு, சட்டமும் நடப்பும் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி இருந்தன.

இன்னொன்று இதற்கு நேர் எதிர். பனிவாத்து (snow goose) பெருகிப் பெருகி, ஹட்சன் விரிகுடாக் கரையில் தான் மேயும் சதுப்பையே கிழங்கோடு பிடுங்கி வெறும் சேறாக்கியது. குளிர்காலத்தில் தெற்கே நெல், சோள வயல்களில் தாராளமாக உணவு கிடைத்ததால் வந்த பெருக்கம். 1999இல் பெரும்பாலான கட்டுப்பாடுகளைத் தூக்கினார்கள். நாள் வரம்பு இல்லை, துப்பாக்கி அடைப்பு வேண்டாம், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்கலாம், வசந்தத்திலும் சுடலாம். எடுத்த எண்ணிக்கை கூடியது, பனிவாத்தோ அதைவிட வேகமாகப் பெருகியது. எண்ணிக்கை பின்னாளில் சரிந்தபோதும், ஆர்க்டிக்கில் குஞ்சுகள் தேறாததுதான் பெரும்பங்குக் காரணம். வரம்பை இறுக்கி ஊசிவாலை ஏற்ற முடியவில்லை. வரம்பை நீக்கிப் பனிவாத்தை இறக்கவும் முடியவில்லை.

இப்போதைய நிலை

2016-17 பருவத்திலிருந்து விதிகள் முந்தைய ஆண்டின் மே கணக்கை வைத்தே வகுக்கப்படுகின்றன. புதிய கணக்கு வருமுன்பே அறிவிப்பு வந்துவிட வேண்டும் என்பதற்காக. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் பெருந்தொற்றால் விமானங்கள் பறக்கவேயில்லை. 1955க்குப் பிறகு முதல் இடைவெளி. மாதிரிகள் சொன்ன கணிப்பை வைத்தே பருவத்தைத் திறந்தார்கள். முத்திரை விற்பனை 1970களின் தொடக்கத்தில் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது 15 லட்சம் அளவில் இருக்கிறது, அதிலும் வாங்குபவர் எல்லோரும் வேட்டைக்காரர் அல்ல.

1997 முதல் ஒவ்வோர் ஆண்டும் அட்டவணை தாராளம் என்ற கட்டத்திலேயே நிற்கிறது. சில இனங்களுக்கு உள்வரம்பு இறுகியிருக்கிறது. 2019இல் அட்லாண்டிக் பாதையில் மல்லார்ட் இரண்டாகக் குறைந்தது அப்படித்தான். ஆனால் பருவத்தையே சுருக்கும் நிலை வரவில்லை. நாற்பது வயதுக்குக் கீழே உள்ள வேட்டைக்காரர் 30 நாள் பருவத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அண்மை ஆண்டுகளில் மல்லார்ட் கணக்கு 60 லட்சம் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. புல்வெளியில் இன்னும் இரண்டு மூன்று வறண்ட வசந்தம் தொடர்ந்தால், 1995இல் ஒப்புக்கொண்ட அந்த இறுக்கக் கட்டத்தை முதல்முறையாக நடைமுறைப்படுத்தும் கட்டாயம் வரலாம்.